தேவிக்குப் பீடம்! பெண்ணுக்குக் கொலைமேடை!

(பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புரட்சிக் காலத்திலும் யுத்த காலத்திலும் பேர்பெற்று விளங்கிய பெண்களைப் பற்றிச் சிறிது பேசவேண்டுமென்று இங்குள்ள தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இவ்விஷயத்தை எடுத்தவுடன் நம் ஜனங்களுக்கு ஞாபகத்திற்கு வருவதெல்லாம் ராணிகளும் மகாராணிகளும்தான். குதிரைமீது ஏறினாள், வாளைச் சுழற்றினாள், கோட்டையைப் பிடித்தாள் என்று சொன்னால் கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கேட்டுவிட்டு வீட்டிற்குப் போனால், அங்கே அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனமும் இல்லை.

ஆகவே நான் ராணிகளை விட்டுவிடுகிறேன். கசாப்புக் கடைக்காரர் வீட்டில் வளர்ந்த ஒரு பெண், செதுக்கு வேலைக்காரர் மகள் ஒருத்தி, சாக்லெட் செய்து விற்றுப் பிழைத்த ஒருத்தி, நாடகக்காரி ஒருத்தி ஆகிய இவர்களைப் பற்றியே சொல்லப் போகிறேன். இவர்கள் நால்வரும் 200 வருஷங்களுக்கு முன்னால் நடந்த பிரெஞ்சுப் புரட்சியில் ஈடுபட்டவர்கள்.

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. அரசனை ஒழித்தது, பிரபுக்களை ஒழித்தது, பாதிரிகளின் கொட்டத்தை அடக்கியது என்று மார்தட்டிக் கொள்ளுகிறோம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று வார்த்தைகளையும் மனப்பாடமாய் ஒப்புவிக்கிறோம். ஆனால் அந்த மூன்றாவது வார்த்தையைச் சற்றுக் கவனியுங்கள் தோழர்களே! அண்ணன் தம்பிகளின் ஒற்றுமை என்பதுதானே அதன் அர்த்தம்? அதில் அக்காள் தங்கைகளுக்கு இடம் எங்கே? இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்ட பெண்கள் இருந்தார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

1789-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி பாரிஸ் ஜனங்கள் பாஸ்டீல் சிறைக்கோட்டையைப் பிடித்தார்கள். ஆகஸ்டு 26-ந் தேதி தேசிய சபையார் 17 விதிகள் கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றினார்கள். ஆனால் 16-வது லூயி அரசன் அதற்குச் சம்மதம் கொடாமல் நாளைக் கடத்திக் கொண்டிருந்தான். பாரிசிலோ ரொட்டிக்குத் திண்டாட்டம். அக்டோபர் 5-ந் தேதி என்ன நடந்தது? சந்தையில் மீனும் காய்கறியும் விற்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, கொட்டுகிற மழையில் சுமார் 12 மைல் நடந்து, வெர்சேல்ஸ் அரண்மனைக்குப் போனார்கள். ஆண்களின் பட்டாளம் பிறகுதான் பின்னால் வந்து சேர்ந்தது. அன்றிரவே அரசன் பிரகடனத்தை ஒப்புக்கொண்டான். மறுநாள் அவனைக் குடும்பத்தோடு பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மகா மகா பண்டிதர்களும் வக்கீல்களும் கூடிச் செய்த சட்டத்திற்கு உயிர் கொடுத்தது மீன்காரிகளுடைய கால்நடை!

இதற்கு அவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன தெரியுமா? அதே வருஷம் டிசம்பரில், 25 வயதுக்கு மேற்பட்டு, மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி கட்டுகிற ஆண்களுக்கு மாத்திரமே ஓட்டு என்று விதித்தார்கள். 1792-ல் அந்த வரி நிபந்தனை போய் ஏழை ஆண்களுக்கும் ஓட்டு வந்தது. அப்போதும் பெண்களுக்கு வரவில்லை.

இது அநியாயம் என்று சொன்ன ஆண்கள் ஒருவருமே இல்லையா என்றால், இருந்தார்கள். கொண்டார்சே என்ற கணித அறிஞர் 1790-ல் பெண்களுக்கும் பிரஜா உரிமை வேண்டுமென்று எழுதினார். கர்ப்பமும் பிரசவமும் உள்ளவர்களுக்கு உரிமை எதற்கு என்று கேட்டவர்களைப் பார்த்து, வருஷந்தோறும் குளிர்காலத்தில் கீல்வாதம் வந்து படுத்துக்கொள்ளுகிற ஆண்களுடைய உரிமையை யாராவது பிடுங்கினார்களா என்ற கருத்தில் பதில் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அவர் சொன்னபடி செய்யவும் ஆளில்லை.

இனி, கசாப்புக் கடைக்காரர் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு வருகிறேன். ஒலிம்ப் டி கூஜ் என்பது அவர் தாமே வைத்துக்கொண்ட பெயர். 1748-ல் தென் பிரான்சில் மோந்தோபான் என்ற ஊரில் பிறந்தவர். 17 வயதில், மனதுக்குப் பிடிக்காத ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சீக்கிரத்திலேயே விதவையானார். நம் ஊராயிருந்தால் மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். அந்த அம்மையாரோ, செத்துப்போன புருஷனுடைய பெயரைச் சுமக்கமாட்டேன் என்று உதறிவிட்டு, பாரிசுக்கு வந்தார். பெரிய படிப்பில்லை. பாரிஸ் பாஷைகூட அவருக்குத் தாய்ப்பாஷையல்ல. பிறரை வைத்துச் சொல்லி எழுதுவித்தே நாடகங்கள் இயற்றினார். நீக்ரோ அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதிய நாடகம் 1789 டிசம்பரில் பாரிசில் அரங்கேறியபோது, அடிமைகளை வைத்துப் பணம் பண்ணினவர்கள் பெருங்கூச்சல் போட்டார்கள்.

1791 செப்டம்பரில் இந்த அம்மையார் பெண்கள் உரிமைப் பிரகடனம் என்ற ஒன்றை வெளியிட்டார். ஆண்களுடைய பிரகடனத்தில் 17 விதிகள் இருந்தனவல்லவா? இவரும் 17 விதிகள் எழுதினார். ஆண் என்று இருந்த இடத்தில் பெண்ணையும் சேர்த்து வைத்து, இப்பொழுது படித்துப் பாருங்கள் என்றார். குற்றம் செய்தால் பெண்ணையும் கொலைமேடையில் ஏற்றுகிறீர்களே, அப்படியானால் பேச்சு மேடையில் ஏறுவதற்கு மாத்திரம் அவளுக்கு ஏன் உரிமை இல்லை என்பது அதிலுள்ள ஒரு வாதத்தின் சாரம். இதற்கு அந்தச் சபையார் வாயால் பதில் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு விதமாய்ப் பதில் சொன்னார்கள்.

அவரிடம் குற்றமே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. அரசன்மீது விசாரணை நடந்தபோது அவனுக்காக நான் வாதாடுகிறேன் என்று முன்வந்தவர் அவர். நமக்கு அது பிடிக்காமலிருக்கலாம். ஆனால் 1793 ஜூலையில் அவரைக் கைது செய்தது எதற்காக? குடியரசா, சமஷ்டி ஆட்சியா, சட்டத்துக்குட்பட்ட முடியாட்சியா, எது வேண்டுமென்று ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும் என்று ஒரு சுவரொட்டி அச்சடித்ததற்காக! ஜனங்களைக் கேளுங்கள் என்று சொன்னது ஜனங்களின் ஆட்சியில் குற்றமாய்ப் போய்விட்டது. நவம்பர் 3-ந் தேதி கில்லட்டின் என்கிற தலைவெட்டி யந்திரத்தில் அவரைக் கொன்றார்கள். பேச்சு மேடை கிடைக்கவில்லை. கொலைமேடை மாத்திரம் கிடைத்தது.

இரண்டாவது, ரோலண்டு அம்மையார். 1754-ல் பாரிசில் ஒரு செதுக்கு வேலைக்காரருக்கு மகளாய்ப் பிறந்தவர். சுமார் 9 வயதிலேயே, மாதா கோயிலுக்குப் போகும்போது ஜெபப் புத்தகத்திற்குப் பதிலாகப் புளூட்டார்க் எழுதிய மகான்கள் சரித்திரத்தைக் கொண்டுபோய்ப் படித்தவர் என்றால் அவர் புத்தி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1792-ல் இவர் புருஷர் உள்நாட்டு மந்திரியானார். அந்த வருஷம் ஜூனில் மந்திரி அரசனுக்கு ஒரு கண்டிப்பான கடிதம் எழுதினார். தேசமே அதைப் படித்துப் புகழ்ந்தது. எழுதிய கை யாருடையது? அம்மையாருடையது! கையெழுத்து மாத்திரம் புருஷருடையது. தலைவர்கள் இவர் வீட்டில் கூடி ராஜாங்க விஷயம் பேசும்போது, இவர் ஒரு பக்கத்தில் தையல் வேலையோடு உட்கார்ந்து, வாய் திறவாமல் கேட்டுக் கொண்டிருப்பார். பெண் திரைமறைவில் இருப்பதே அழகு என்று அவரும் நம்பியிருந்தார். அந்த அடக்கம் அவரைக் காப்பாற்றிற்றா? அவருடைய கட்சி கவிழ்ந்தபோது, புருஷர் தப்பியோடினார், அகப்பட்டது அம்மையார். ஐந்து மாதம் சிறையிலிருந்து தம் சரித்திரத்தை எழுதினார். 1793 நவம்பர் 8-ந் தேதி கொலை. செய்தி கேட்ட புருஷர் இரண்டே நாளில் தற்கொலை செய்துகொண்டார்.

பேசியவளுக்கும் அதே கதி. பேசாமல் அடங்கி இருந்தவளுக்கும் அதே கதி. ஆகையால், பெண் அடங்கியிருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாமவரும் நான்காமவரும் சேர்ந்தே வருகிறார்கள். சாக்லெட் செய்து விற்ற பாலின் லியோன், நாடகக்காரி கிளேர் லாகோம்ப். வெளிநாட்டு அரசர்கள் படையெடுத்து வரப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தவுடனே, 1792 மார்ச்சு 6-ந் தேதி பாலின் லியோன், 300 பெண்களுக்குமேல் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைச் சட்டசபையில் தாமே வாசித்தார். நகைநட்டா கேட்டார்? தேசத்தைக் காக்க எங்களுக்கும் துப்பாக்கிப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை. கேட்காமலே போய்ப் போர் செய்தவர்களும் உண்டு. பெர்னிக் என்ற குடும்பத்துச் சகோதரிகள் இருவர் வால்மி, ஜெமாப் யுத்த களங்களில் ஆண்களோடு நின்று சண்டையிட்டார்கள். 1793 ஏப்ரல் 30-ந் தேதி, துணி வெளுப்பவர்களையும் தின்பண்டம் விற்பவர்களையும் தவிர மற்றப் பெண்கள் பட்டாளத்தை விட்டுப் போய்விட வேண்டுமென்று சட்டம் வந்தது. அதாவது சிப்பாயின் அழுக்குத் துணியை வெளுக்கப் பெண் வேண்டும். சிப்பாயாகப் பெண் கூடாது!

அடுத்த மாதமே லியோனும் லாகோம்பும் சேர்ந்து புரட்சிக் குடியரசுப் பெண்கள் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். தானியத்தைப் பதுக்குகிற வியாபாரிகளைப் பிடி, விலையைக் கட்டு என்று தெருத்தெருவாய்க் கிளர்ச்சி செய்தார்கள். ரோலண்டு அம்மையாருடைய கட்சியைக் கவிழ்ப்பதிலும் இவர்கள் முன்னின்றார்கள். எதிர்க்கட்சிப் பெண் சிறைக்குப் போனபோது இவர்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். ஐந்து மாதம்கூடப் பொறுக்கவில்லை. நெருப்பு இவர்கள் கூரைக்கும் வந்தது. சந்தைப் பெண்களுக்கும் இவர்களுக்கும் நேர்ந்த ஒரு கைகலப்பைச் சாக்காக வைத்து, 1793 அக்டோபர் 30-ந் தேதி பெண்கள் சங்கங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாய்க் கலைத்துச் சட்டம் செய்தார்கள். மறு வருஷம் லியோன், லாகோம்ப் இருவருமே சிறைக்குப் போனார்கள்.

தோழர்களே! இப்பொழுதுதான் நமக்குச் சுடவேண்டிய இடம் வருகிறது. அக்டோபர் 30-ல் சங்கம் கலைந்தது. நவம்பர் 3-ல் ஒலிம்ப் கொலை. நவம்பர் 8-ல் ரோலண்டு அம்மையார் கொலை. நவம்பர் 10-ந் தேதி என்ன நடந்தது தெரியுமா? பாரிசின் பெரிய மாதா கோயிலாகிய நோத்தர்டாமில் பகுத்தறிவுத் திருவிழா நடந்தது! கிறிஸ்துவை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு நாடகப் பெண்ணை வெள்ளை உடை உடுத்தி உட்கார வைத்து, பகுத்தறிவுத் தேவி என்று பாட்டுப்பாடி வணங்கினார்கள். பெண்ணின் தலை விழுந்து இரத்தம் காய்ந்து இரண்டு நாள் ஆகவில்லை. அதற்குள் பெண்ணைத் தேவியாக்கிப் பீடத்தில் வைத்தாயிற்று!

இன்னும் ஒரு வாரம் போயிற்று. நவம்பர் 17-ந் தேதி சிவப்புக் குல்லாய் அணிந்த சில பெண்கள் பாரிஸ் நகரசபைக்கு வந்தார்கள். அந்தப் பகுத்தறிவுத் திருவிழாவுக்கு முன்னின்ற ஷோமெத் என்பவரே எழுந்து, பெண்களுக்கு இங்கே என்ன வேலை, வீட்டைப் பார்ப்பதும் பிள்ளை வளர்ப்பதும் அல்லவா இயற்கை உங்களுக்கு இட்ட தொழில் என்ற கருத்தில் பேசி, ஒலிம்பையும் ரோலண்டு அம்மையாரையும் பார்த்துப் புத்தி தெரிந்துகொள்ளுங்கள் என்று பயமுறுத்தினார்.

பாதிரி சொன்னால் நாம் கோபித்துக் கொள்ளலாம். புரோகிதன் சொன்னால் மனுதர்மத்தைக் கொளுத்தலாம். இதைச் சொன்னவரோ மாதா கோயிலைப் பூட்டச் சொன்னவர்! பாதிரி, கடவுள் கட்டளை என்றான். இவர், இயற்கைக் கட்டளை என்றார். கடைக்குப் பெயர்ப்பலகை மாறிற்றே தவிர, உள்ளே விற்ற சரக்கு மாறவில்லை. கடவுளை விட்டவன் எல்லாம் பகுத்தறிவுவாதி ஆகிவிடமாட்டான் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அந்த ஷோமெத்தையும் ஐந்து மாதத்திற்குள் அதே யந்திரத்தில் வெட்டினார்கள் என்பது வேறு சங்கதி.

பெண்ணைத் தேவியாக்குகிற வித்தை நமக்குப் புதிதல்ல. கல்விக்குத் தேவி சரஸ்வதி. ஆனால் பெண் படித்தால் கெட்டுப்போவாள் என்று சொன்ன நாடு இது. செல்வத்திற்குத் தேவி லட்சுமி. ஆனால் பெண்ணுக்குச் சொத்தில்லை என்றது இந்நாட்டுச் சாஸ்திரம். பீடத்தில் வைப்பது எதற்காக? பீடத்தில் இருக்கிறவள் இறங்கி நடக்கமாட்டாள் என்பதற்காகவே!

புரட்சி பெண்களுக்கு ஒன்றுமே செய்யவில்லையா என்று சிலர் கேட்கலாம். செய்தது. செய்யவில்லை என்றால் பொய் சொன்னவனாவேன். 1792 செப்டம்பர் 20-ந் தேதி, கல்யாணத்தைப் பாதிரியின் கையிலிருந்து பிடுங்கிச் சர்க்கார் பதிவாக்கினார்கள். அன்றே, புருஷனும் மனைவியும் சமமாக விவாகரத்துப் பெறலாம் என்றும் சட்டம் செய்தார்கள். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சமபாகச் சொத்துரிமையும் வந்தது. இவை அக்காலத்தில் சாமானியமான காரியங்களல்ல.

ஆனால் இவற்றைச் செய்த சபையில் ஒரு பெண்ணாவது இருந்தாளா? இல்லை. எனவே பறிக்கும்போதும் தடுக்க ஒரு பெண் இல்லை. 1795 மே மாதத்தில், ஐந்து பெண்களுக்குமேல் தெருவில் கூடினால் கைது என்று உத்தரவு வந்தது. 1804-ல் நெப்போலியன் தன் சட்டப் புத்தகத்தில், மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று விதியாகவே எழுதி வைத்தான். மனைவி சோரம் போனால் புருஷன் விவாகரத்துப் பெறலாம். புருஷன் சோரம் போனாலோ, அவன் வைப்பாட்டியைச் சொந்த வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தால்தான் மனைவி கேட்கலாம்! 1816-ல் அந்த விவாகரத்தையும் அடியோடு எடுத்துவிட்டார்கள். அது மறுபடி வர 1884 ஆயிற்று. ஓட்டு உரிமையோ 1944-ல்தான் வந்தது. பிரகடனத்திற்கும் ஓட்டுக்கும் நடுவில் 155 வருஷங்கள்! நம் சென்னை மாகாணத்தில் ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை இருந்த காலத்தில், 1921-லேயே, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மாத்திரமாவது ஓட்டு கிடைத்துவிட்டது. புருஷன் சம்மதமில்லாமல் ஒரு பிரெஞ்சு மனைவி உத்தியோகம் பார்க்கவும் பாங்கியில் கணக்கு வைக்கவும் 1965-ம் வருஷத்துச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒலிம்பின் தலைச்சிலையை 2016-ல் அந்நாட்டுச் சட்டசபைக் கட்டடத்தில் வைத்தார்கள். தலையை வெட்டிய பிறகு, தலைக்குச் சிலை!

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். ஒருவர் கொடுத்து வந்த உரிமையை, கொடுத்தவரே எடுத்துக்கொள்ளலாம். கொடுக்கிற இடத்தில் பெண்களும் உட்கார்ந்தாலொழிய அந்த உரிமை நிலைக்காது. முதலில் தேசம் விடுதலையாகட்டும், முதலில் யுத்தம் முடியட்டும், உங்கள் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எவன் சொன்னாலும் பெண்கள் நம்பக்கூடாது. அந்தப் பிறகு என்பது 155 வருஷம்.

கடைசியாக, நம்மைப் பற்றியும் சொல்லித் தீரவேண்டும். 1929-ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தோம். தமிழ்நாட்டில் 1989-ல் அது சட்டமாயிற்று. இந்தியா முழுவதற்கும் 2005-ல் வந்தது. தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் 60 வருஷம். சட்டத்திற்கும் நம் வீட்டுக்கும் எத்தனை வருஷம் என்பதுதான் என் கேள்வி.

சட்டம் வந்த பிறகு நம்மவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்காள் தங்கைகளைப் பதிவு ஆபீசுக்கு அழைத்துப்போய், தகப்பன் சொத்தில் எனக்குப் பாகம் வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்வது. அந்தக் காகிதத்திற்கு என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம்! விடுதலையாம்! யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை?

ஊரைச் சொல்லுவானேன்? என் தகப்பனார் காலமான பிறகு, என் தமக்கையாரிடம் அப்படிப்பட்ட பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவன் நான். அன்றைக்கும் நான் கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தேன். அன்றைக்கும் பெண்ணுரிமை பேசிக்கொண்டுதான் இருந்தேன். தமக்கையார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, தம்பி சாப்பிட்டாயா என்று கேட்டார். எவ்வளவு பெருந்தன்மை என்று ஊரார் புகழ்ந்தார்கள், நானும் புகழ்ந்தேன். பெருந்தன்மைப் பட்டம் தமக்கைக்கு, நிலம் எனக்கு. நோத்தர்டாமில் நடந்த திருவிழாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், நீங்களே சொல்லுங்கள்! பிரெஞ்சுப் பெண்களின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. தமக்கையார் பங்கை அவர் பேருக்கே எழுதிப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் இந்த மேடையில் ஏறி இதைப் பேச எனக்குத் தைரியம் வந்தது.

இது பெருமைக்காகச் சொன்னதல்ல. திருடினவன் திருப்பிக் கொடுத்ததற்குப் பெருமை ஏது? இங்கே வந்திருக்கிற தோழர்களில் எத்தனை பேர் பெட்டியில் அப்படிப்பட்ட பத்திரம் இருக்கிறதோ, நான் அறியேன், உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். இனி உங்களை யாராவது தேவி என்றோ, குலவிளக்கு என்றோ, பெருந்தன்மை உள்ளவள் என்றோ புகழ்ந்தால், உடனே அவன் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் உட்காராதீர்கள். இந்த மேடைக்கு வாருங்கள். பேச இடம் கொடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டிராமல், உங்கள் இடம் என்று வந்து உட்காருங்கள்.